போகிற சீட்டு மட்டும்

இரண்டு வட்டம். மேலே இருப்பது போக மட்டும். கீழே இருப்பது போக, வர. லேப்டாப் திரையில் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கிறது. மகள் முத்துச்செல்வி போன தடவை பெங்களூரிலிருந்து வந்தபோது காகிதத்தைச் சின்னதாகக் கத்தரித்துத் தமிழில் எழுதி ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். கோணலாக ஒட்டியிருந்தாள். நான் பிரித்து நேராக ஒட்டினேன். தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் லேபிள் ஒட்டியவளுக்குக் கோணல் கண்ணைக் குத்தும். ஒன்பது பேருக்குக் கீழ் வட்டத்தை அமுக்கியாயிற்று, பேச்சியம்மாவும் அவள் வீட்டுக்காரரும் அவர்கள் தெருவாட்களும், காசிக்குப் போக, காசியிலிருந்து வர. பத்தாவது பேர் இசக்கியம்மாள். அம்பு இரண்டு வட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. பதினோரு மணிக்குள் பத்துப் பேரையும் முடித்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வருகிற ரயிலில் பிடித்து வைத்திருக்கும் இடத்தை வேறு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சென்னை டிராவல்ஸ் கம்பெனியிலிருந்து ஷர்மிளா நேற்றே சொல்லிவிட்டாள். மணி பத்தரை ஆகப் போகிறது. இவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறார். எனக்காகப் படிக்கிறாராம். "ஏட்டி, வடக்கே வெயில் நூத்திப் பத்தாம். உன் ஆட்கள் கருவாடாத்தான் திரும்பி வருவாக." திரும்பி வருவாக. இந்த மனுஷன் வாயில் சரியான நேரத்தில் சரியான சொல் வந்து விழும், ஆனால் அவருக்கே தெரியாது. அத்தனை பேரும் திரும்பி வருவார்களா என்பதுதானே இப்போது கேள்வி. இசக்கியக்கா தனக்குப் போகிற சீட்டு மட்டும் போதும் என்கிறாள். மேலே இருக்கும் வட்டத்தை அமுக்கினால் முடிந்தது. ஒரு விரல் வேலை. அரைமணி நேரமாக அந்த ஒரு விரல் வேலை நடக்கவில்லை.

வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம் என்றுதான் முத்துச்செல்வி சொன்னாள். அந்த 'வீட்டிலேயே' என்ற சொல்லில்தான் நான் ஏமாந்தேன். தீப்பெட்டி ஆபீஸை மூடிய பிறகு கை சும்மா இருந்தது, சும்மா இருக்கும் கை எனக்கு நோவு கண்ட கை மாதிரி. வெளியே போய் நாலு பேரைப் பார்த்துப் பேசுகிற வேலை என்றால் மாட்டேன் என்றிருப்பேன், எனக்குப் பேச்சு வராது, புது ஆள் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம்மா, டிராவல் ஏஜென்ட்டுன்னா இப்ப ஆபீஸ் கடையெல்லாம் கிடையாது, ஒரு லேப்டாப், ஒரு போன், அவ்வளவுதான்" என்றாள். நான் யாரையும் போய்ப் பார்க்கவில்லைதான். ஊர் முழுக்க என்னைப் பார்க்க வந்துவிட்டது. வாசலில் விமானப் படம் போட்ட தட்டி தொங்கிய அன்றிலிருந்து போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொள்கிறான். காஷ்மீருக்கு எவ்வளவு ஆகும். சிங்கப்பூருக்கு எவ்வளவு ஆகும். ஆப்பிள் மரத்திலேயே பறித்துத் தின்னலாமா. நான் கம்பெனிக்குப் போன் போட்டு, கேட்டு, கூட்டிக் கழித்துச் சொன்னால், சும்மா தெரிஞ்சுக்கிடலாம்னுதான் கேட்டேன் என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறான். கல்யாணம் முடிந்த ஜோடிக்குக் கொடைக்கானலில் கிழக்குப் பார்த்த அறைதான் வேண்டும் என்று ஒரு மாமியார் வந்தாள். மூன்று பேராகப் புறப்படக் கூடாது என்று நாலாவதுக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, கல்லுக்கும் சீட்டு எடுக்கணுமா என்று கேட்ட குடும்பம் ஒன்று. இவருடைய ஒன்றுவிட்ட தம்பி திருச்செந்தூருக்கு ஓசியில் பஸ் சீட்டு கேட்டார். இதற்கெல்லாம் நடுவில் இவர். நூல் மில்லில் வேலை பார்த்தவர், மதுரையைத் தாண்டியதில்லை, வருகிறவர்களிடம் ஊட்டியில் இப்போது குளிர் எப்படி இருக்கும் என்று பிரசங்கம் செய்கிறார். "எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "குளிருன்னா எல்லா ஊர்லயும் ஒரே குளிருதான்" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் தொழில் செய்கிறேன்.

வட்டம் நிற்கிறது. அம்பு நிற்கிறது. இந்தத் தொழிலில் முதல் கேள்வியே தப்பு. ஷர்மிளா போனில் பாடம் எடுத்தபோது சொன்னாள், ஆன்ட்டி, வாடிக்கையாளர் வந்ததும் சிரிச்ச முகமா முதல்ல எங்க போறீங்கன்னு கேக்கணும். எங்கே என்று கேட்பதா? புறப்படுகிற ஆளைப் பார்த்து? எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு வாயிலேயே அடி விழும். எங்கே போறேன்னு கேட்டால் போகிற காரியம் விளங்காது; தூரமா என்றுதான் கேட்க வேண்டும், தூரமா என்று கேட்டால் சொல்ல விருப்பப்பட்டவர்கள் ஊரைச் சொல்வார்கள், விருப்பப்படாதவர்கள் ஆமா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் நான் வருகிறவர்களிடம் தூரமா என்றுதான் கேட்டேன். அவர்களும் ஆமா, தூரந்தான் என்றார்கள். அப்புறம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பக்கத்து ஊர் ஏஜென்ட் பையன் பத்து ஆளை முடிக்கிற நேரத்தில் நான் ஒரு ஆளுடன் மௌனமாக உட்கார்ந்திருந்தேன். ஷர்மிளாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆன்ட்டி, தூரமான்னு கேட்டா அவங்களுக்கு எந்த ஊருக்கு நான் டிக்கெட் போடுறது? எங்கேன்னு கேளுங்க. ஏன்னுதான் கேக்கக் கூடாது. ஏன் போறாங்கங்கறது அவங்க சொந்த விஷயம்." தலைகீழாக இருக்கிறது உலகம். எங்கள் அம்மா ஏன் என்று யாரையும் எப்போதும் கேட்பாள், பொழுதுக்கும் கேட்பாள். எங்கே என்று மட்டும் கேட்க மாட்டாள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும், கோமதி அத்தைக்கு மாப்பிள்ளை முடிவு பண்ணத் தாம்பூலத் தட்டோடு அப்பா வாசல்படியில் இறங்குகிறார், புதுவேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, நான் ஓடிவந்து எங்கப்பா போற என்றேன். அப்பா நின்றார். அப்படியே திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள், குடித்தார், பிறகு எழுந்து போனார். போய் என்ன, அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது. கோமதி அத்தை சாகிறவரை என்னைப் பார்த்தால், வாடி எங்கப்பாக்காரி என்பாள். அதிலிருந்து என் வாயில் அந்தச் சொல் வருவதில்லை. இத்தனை வயதுக்கு அப்புறம் ஒரு சின்னப் பெண் போனில் அதிகாரம் பண்ணினால் வந்துவிடுமா.

கேட்காததால்தானே இப்போது இப்படி உட்கார்ந்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பத்துப் பேரும் இந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள், ஆதார் அட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு. பேச்சியம்மாவுக்குக் கீழ்ப்படுக்கைதான் வேண்டும், அவள் வீட்டுக்காரருக்குக் கக்கூஸ் பக்கம் வேண்டாம், ஒருத்திக்கு இட்லி கிடைக்குமா என்ற கவலை. இசக்கியக்கா மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக அட்டையை நீட்டினாள். "ஏளா செம்பகம், எனக்குப் போற சீட்டு மட்டும் போடு. அது போதும்." கூடமே சிரித்தது. "ஏக்கா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா? கங்கையில தோணி விடப் போறியா?" என்று பேச்சியம்மா கேட்டாள். "எனக்கு அங்க வீடு பாத்து வச்சிருக்கான்ளா ஈசன். வாடகை கிடையாது" என்றாள் இசக்கியக்கா. மறுபடி சிரிப்பு. இவர்கூடச் சிரித்தார். நான் சரி என்று சொன்னேன். சரி என்று எப்படிச் சொன்னேன்? இருபது வருஷம் ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டியிருக்கிறோம், ஒட்டியதை நான்தான் எண்ணிக் கட்டுவேன், ஒரு பெட்டி குறைந்தாலும் என் கைக்குத் தெரிந்துவிடும், அப்படி அவளையும் எனக்குத் தெரியும். ஆபீஸ் கணக்கப்பிள்ளை ஒருநாள் சொன்னார், காசியில் சாவுக்குக் காத்திருக்கிறவர்களுக்கென்றே வீடு இருக்கிறது, போய்ப் படுத்துக்கொண்டால் நேராக மோட்சம் என்று. இசக்கியக்கா பசைக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாடகை எவ்வளவு சாமி என்று கேட்டாள். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தோம். அப்போது அவள் மகன் சுடலை இங்கே இருந்தான். இப்போது திருப்பூரில் இருக்கிறான், ரெண்டு பொங்கலாக வரவில்லை. உன்கூட வந்து இருக்கட்டுமாய்யா என்று இவள் கேட்டதற்கு, ஒரே ரூம்தாம்மா, நீ எங்க படுப்பே என்றானாம். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். படுக்க இடந்தானளா கேக்கேன், பங்களாவா கேக்கேன்.

அதுகூடப் பரவாயில்லை. தூக்குச்சட்டிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. முத்துச்செல்வி பிறந்தபோது இசக்கியக்கா ஆஸ்பத்திரிக்கு எனக்குக் கஞ்சி கொண்டுவந்த தூக்குச்சட்டி, என் வீட்டுத் தூக்குச்சட்டிதான், அப்படியே அவள் வீட்டில் தங்கிவிட்டது, நானும் கேட்டதில்லை, அவளும் தந்ததில்லை, அது அங்கே இருப்பதுதான் முறை என்பதுபோல் ஆகிவிட்டது. முந்தாநாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். புளி போட்டு விளக்கி, பளபளவென்று. மூடியைத் திறந்தால் அடியில் ஒரு கை சீனி. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதே. அந்தச் சீனியை நான் எடுத்துக் கொட்டவும் இல்லை, காப்பியில் போடவும் இல்லை, அடுப்படியில் அப்படியே இருக்கிறது, எறும்பு வந்திருக்கும் இந்நேரம். கோழி நாலையும் பால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டாளாம், பால்காரர் சொன்னார். காசிக்குப் போகிறவர்கள் ஒரு காயை விடுவார்கள், ஒரு பழத்தை விடுவார்கள். பேச்சியம்மா பாகற்காயை விடப் போகிறாளாம், அவளுக்கு அது பிறந்ததிலிருந்தே பிடிக்காது. இவள் ஊரில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறாள். ஒருவேளை நான்தான் எதையோ நினைத்து எதையோ முடிச்சுப் போடுகிறேனா? பஸ்ஸில் போகிறவள், வரும்போது கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி நினைத்திருப்பாளோ? அப்படியே இருக்கட்டும். அப்படித்தான் இருக்கும். ஆனால் கோழி? பத்து நாள் பயணத்துக்குக் கோழியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கொடுக்க மாட்டார்கள். எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி குறைகிறது.

"இன்னுமா முடியலை?" என்கிறார் இவர், பேப்பரை மடிக்காமலே. இசக்கியக்கா சீட்டுதான் என்கிறேன். "ஏட்டி, அவ கேட்ட சீட்டைக் குடு. நீ டிராவல் ஏஜென்ட்டா, சி.ஐ.டியா?" இதற்குப் பதில் சொன்னால் மதியம்வரை பேசுவார். வாசலில் செருப்புச் சத்தம். யாரோ ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, தலையை நீட்டி, ஏம்மா, குற்றாலத்துல தண்ணி விழுதா என்று கேட்கிறான். தண்ணி விழுதா! இதற்கு நான் கம்பெனிக்குப் போன் போட வேண்டுமா? நல்லா விழுது, நேத்துக்கூட விழுந்துச்சு என்று இவரே சொல்லி அனுப்புகிறார். மணி பத்தே முக்கால். போனைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்து. அவளைக் கூப்பிட்டு என்ன கேட்பேன்? யக்கா, திரும்பி வரமாட்டியா என்றா? அப்படியெல்லாம் வாயால் சொல்ல முடியுமா, சொன்னால் பலித்துவிடும். இல்லாவிட்டால் யக்கா, தூரமா? ஆமா என்பாள். தூரந்தான் என்பாள். அத்தோடு முடிந்தது, நான் மேல் வட்டத்தை அமுக்குவேன், பத்துப் பேரை ரயிலேற்றிவிட்டு ஒன்பது பேரை இறக்குவேன், அது என் முதல் பெரிய குழு, கம்பெனியில் கைதட்டுவார்கள். கேட்காமலே அவளுக்கும் கீழ் வட்டத்தை அமுக்கிவிடலாம். ஆனால் சீட்டு இருந்தால் மட்டும் ஆள் வந்துவிடுமா? காலிப் படுக்கை தனியாக வரும். போகிற காரியம் என்னவென்று தெரிந்தும் தெரியாத மாதிரி, போயிட்டு வா என்று சொல்லி அனுப்புவது. போகிற காரியம். போகிற காரியம் விளங்க வேண்டும் என்றுதானே எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம். கோமதி அத்தை. அந்த மாப்பிள்ளையைப் பிறகு கட்டிக்கொண்டவள், புளியங்குளத்துப் பெண், வருஷம் திரும்புவதற்குள் முன்பல் இரண்டு இல்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பார்த்திருக்கிறேன், திருவிழாவில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். கோமதி அத்தைக்கு அப்புறம் வாய்த்தவர் தபால்காரர், அவளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார், முறுக்கு வாங்கினால்கூட உடைத்துத்தான் கொடுப்பார். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால்? அந்தக் காரியம் விளங்கியிருந்தால்? இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே. எங்கப்பாக்காரி, எங்கப்பாக்காரி என்றார்களே தவிர, அந்தக் கணக்கை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, இத்தனை வருஷம், ஒரு பெட்டி குறைந்தால் கண்டுபிடிக்கிறவள்.

விரல் தானாகப் போனில் அவள் நம்பரை அமுக்குகிறது. மணி அடிக்கிறது, அடிக்கிறது, அவள் போனைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் சொருகியிருப்பாள், எடுக்க நேரமாகும். எடுத்துவிட்டாள். "யாரு?" "நான்தான்க்கா, செம்பகம்." "சொல்லுளா. சீட்டு போட்டாச்சா? எனக்கு ஒரே பைதான், கட்டி வச்சாச்சு." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. இவர் பேப்பருக்கு மேலாகப் பார்க்கிறார். பார்க்கட்டும். "யக்கா, நீ எங்க போறே?" இவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். பிறகு இசக்கியக்காவின் குரல், பசைச் சட்டியைத் தட்டிவிட்டவளைத் திட்டுகிற பழைய குரல். "ஏ மூதி! கேக்குற கேள்வியாளா இது? பையைக் கட்டி வாசல்ல வச்சிருக்கவள எங்கேன்னு கேக்கே, போற காரியம் விளங்குமா இனி?" "விளங்கக் கூடாதுன்னுதான் கேட்டேன்." "என்னது?" "விளங்கக் கூடாதுக்கா. இன்னொரு தடவையும் கேக்கேன். எங்க போறே? எங்க போறே? நீ ரயிலேறுறப்ப டேசனுக்கே வந்து எல்லார் முன்னாலயும் கேப்பேன்." இவ்வளவு சத்தமாக நான் பேசி இந்த வீட்டுச் சுவர் கேட்டதில்லை. கோபம்தான் வருகிறது, அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம் வருகிறது, தூக்குச்சட்டியை எவள் கேட்டாள் உன்னிடம் என்று கேட்க வருகிறது, கேட்டும் விட்டேன். "எவ கேட்டா உன்கிட்ட தூக்குச்சட்டிய? சீனிக்கு எறும்பு வந்தாச்சு. வந்து எடுத்துட்டுப் போ." மூச்சு மட்டும் கேட்கிறது. மூச்சுக்குப் பின்னால் கோழிச் சத்தம், கொக்கொக்கென்று, மிகப் பக்கத்தில். "என்னக்கா அது, கோழியா?" "ஆமா. கொண்டுபோய் விட்டா, விடிஞ்சதும் வந்து வாசல்ல நிக்கி. ரெண்டு தடவை கொண்டுபோய் விட்டாச்சு. அறிவுகெட்ட சனியன்." "அதுகளுக்கு இருக்கிற அறிவு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். மணி பதினொன்றாகப் போகிறது, நான் மணியைப் பார்க்கவில்லை, இவர் கைக்கடிகாரத்தைத் தூக்கி எனக்குக் காட்டுகிறார். "எடி செம்பகம்." "சொல்லுக்கா." "காரியத்தைத்தான் கெடுத்துட்டியே. இனி என்ன." வெற்றிலையைத் துப்புகிற சத்தம். "வார சீட்டு போடுறதுன்னா சன்னல் பக்கமா போடு. போகும்போதுதான் பேச்சியம்மா வாயப் பாத்துட்டே போகணும். வரும்போதாவது நாலு ஊரைப் பாத்துட்டு வாரேன்."

கீழ் வட்டம். அமுக்கிவிட்டேன். உள்ளே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்து நிற்கிறது, நேராக நடுவில். ஆனால் சன்னல் என்று குறிக்க எங்கேயும் இடமில்லை. மேலே தேடுகிறேன், கீழே தேடுகிறேன், சாப்பாடு சைவமா என்று கேட்கிறது, சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்கிறது, சன்னல் வேண்டுமா என்று கேட்கத் தெரியவில்லை இந்த மிஷினுக்கு, இத்தனை பேர் படித்துச் செய்த மிஷின். அனுப்பு என்பதை அமுக்கினேன், போய்விட்டது, போனதற்கு அடையாளமாக ஒரு பச்சைக்கோடு. உடனே ஷர்மிளாவுக்குப் போன். விலை கேட்க அல்லாமல் நானாக அந்தப் பெண்ணைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை, மற்றபடி அவள்தான் கூப்பிட்டுத் திட்டுவாள். "வந்துருச்சு ஆன்ட்டி, பத்துப் பேரும் வந்துருச்சு, கடைசி நிமிஷத்துல. ஏன் ஆன்ட்டி இப்படி?" "ஒரு ஆளுக்குச் சன்னல் பக்கம் வேணும்மா." "அதெல்லாம் குழுவுல சொல்ல முடியாது ஆன்ட்டி." "வேணும்மா." என் குரல் எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பெருமூச்சு விடுகிறாள், விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. "சரி, பாக்குறேன். யாரு, இசக்கியம்மாளா? எங்க போறப்ப வேணும்?" இவர் தண்ணீர்ச் செம்போடு எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார், கேட்காமலே கொண்டுவந்திருக்கிறார்.

"போறப்ப இல்லம்மா" என்றேன். "வர்றப்ப."